8080 காலியாக இருக்கிறது

மார்ச் 4, திங்கள்

சனிக்கிழமை பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பரிசோதனைக்கூடத்தின் பழைய சர்வருக்கு அப்படி ஒரு பெயர். கொஞ்ச நாளாகவே விசிறி இழுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒரேயடியாக நின்றுவிட்டது. இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். மூலையில் உறுமிக்கொண்டு, பக்கத்தில் போகவே எல்லோரும் தயங்குகிற என் லினக்ஸ் சர்வர். அதற்குப் பெயர் மாமனார். இரண்டு பெயரையும் வைத்த புண்ணியவதி வாசலில் பதிவு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பெரியப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது என் கணவர் எழுதிய சர்வீஸ், ஓயாமல் ஓடுகிற ஒரு புரோகிராம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்புவது. அதை சனிக்கிழமையே மாமனாரில் ஏற்றி, ஞாயிறு ரீஸ்டார்ட்டில் தானாக எழும்படி வைத்துவிட்டார். அங்கே ஏற்கெனவே என் சர்வீஸ் ஓடுகிறது. வருகிற ரத்த மாதிரிகளைக் கவுன்டரில் பதிவுசெய்வது என்னுடையது.

"என் கணவர்" என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இருபத்தெட்டாம் தேதி வரை எழுதலாம். அன்றைக்குத்தான் குடும்ப நீதிமன்றத்தில் கடைசிக் கையெழுத்து. எல்லாம் சுமுகமாகப் போகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல். இவ்வளவு மரியாதையாகப் பிரிகிற ஜோடியைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டுகிறார். கணவர் எங்கள் வீட்டில், நான் அக்கா வீட்டில். அவருடைய புரோகிராமும் என்னுடையதும் மட்டும் ஒரே பெட்டியில் குடித்தனம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிறு காலையில் வழக்கம்போல மாமனார் தானாக ரீஸ்டார்ட் ஆகி எழுந்தார். என் சர்வீஸ் எழவில்லை. ஞாயிறு கவுன்டர் கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. இன்று காலை வந்து லாக்கை, சர்வர் தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பை, திறந்தால் ஒரே வரி: கேட்ட இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. யார் எந்த போர்ட்டில், அதாவது எந்த எண் போட்ட வாசலில், உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மாமனாரைக் கேட்டேன். 8080இல் அவருடைய சர்வீஸ். அது எப்போதும் என் எண். பெரியப்பாவிலும் அவருக்கு அதே எண்தான். தனித்தனி வீடாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒரு போர்ட்டில் ஒருவர்தான் உட்கார முடியும், முதலில் வந்தவருக்கே இடம். அவருடையது சின்ன புரோகிராம், சட்டென்று எழுந்துவிடும். என்னுடையது தரவு முழுவதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழும்.

மாடியில் வேலை பார்க்கிற அவருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போடவில்லை. 8080ஐ அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று என்னுடையதை 8090க்கு மாற்றினேன். கவுன்டர் ஒவ்வொன்றாகப் போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. அதற்குள் பரிசோதனைக்கூடத் தலைவி, எங்கள் டாக்டரம்மா, அவரைப் போனில் ஒரு பிடி பிடித்துவிட்டாராம். பாவம்.

மார்ச் 6, புதன்

அக்கா வீட்டுப் பின்னறை. ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு ஜன்னல். ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குகிறேன். ஒன்பது வருடம் திறந்த ஜன்னலுக்குக் கீழே படுத்தவளுக்கு இது பெரிய சுகம். அவருக்குக் காற்று வேண்டும். குளிர்காலத்திலும் வேண்டும். கீழே மெயின் ரோட்டில் லாரிகள் போகும். நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

அக்கா சாப்பாடு போடும்போது கேட்டாள். "கடைசியா ஒரு தடவை அவர்கிட்டப் பேசிப் பாக்கலாமில்ல?"

"பேச என்ன இருக்கு? சண்டையா போட்டோம்?"

"அதான் எனக்குப் புரியல. சண்டை போட்டுப் பிரிஞ்சவங்களைப் பாத்திருக்கேன். நீங்க எதுக்குடி பிரியறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 8, வெள்ளி

லிஃப்ட் வாசலில் அவர். "நீ போ" என்றார். "நீங்க போங்க" என்றேன். "பரவால்ல, போ." "இல்ல, நீங்க." கதவு மூடி லிஃப்ட் தன்பாட்டுக்கு மேலே போய்விட்டது. அவர் வலதுபக்கப் படியில் ஏறினார், நான் இடதுபக்கப் படியில்.

மெலிந்திருக்கிறார். நான் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 11, திங்கள்

மறுபடியும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு என் சர்வீஸ் எழவில்லை. அதே வரி. கேட்ட இடத்தில் ஆள் இருக்கிறது. 8090இல் யார்? அவர். 8080இல் யார்? யாரும் இல்லை. ஈ ஓட்டிக்கொண்டு காலியாக இருக்கிறது.

எனக்கு வந்ததே கோபம்! 8080ஐ விட்டுக்கொடுத்தேன். சத்தம் போடாமல், ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுக்கொடுத்தேன். அதை அப்படியே போட்டுவிட்டு, நான் ஒதுங்கின இடத்துக்கும் வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? எந்த மூலைக்குப் போனாலும் பின்னாலேயே வருவாரா? என்னதான் வேண்டுமாம் அவருக்கு?

அவருடைய கோப்புகளைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். சர்வருக்குப் பொறுப்பு நான், எல்லாச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்த பிறகு அவருடைய ஃபோல்டருக்குள் நான் போவதில்லை. என்னுடையதற்குள் அவரும் வருவதில்லை. அது ஒரு மரியாதை.

என்னுடையதைப் பழையபடி 8080க்குக் கொண்டுவந்தேன். மறுபடி கவுன்டர் கவுன்டராக நடை. அதற்குள் வெளியே வரிசை வாசல்வரை போய்விட்டது. பதிவாகாமல் காத்திருந்த மாதிரிகளில் ஒன்று உறைந்துவிட்டது. ஏழாம் வார்டில் இருக்கிற ஒரு சின்னப் பெண்ணுடையது. மறுபடி ஊசி போட வேண்டும் என்று வார்டு சிஸ்டர் போனில் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நானே ஏன் அந்த வார்டுக்குப் போனேன் என்று தெரியவில்லை. கவுன்டர் எதுவும் அங்கே இல்லை. அந்தப் பெண் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "காலையிலேயே குடுத்தேனே?" என்று கேட்டது. அதன் அம்மா, "நீ குடுத்தேம்மா, அதைத் தொலைச்சிட்டாங்களாம்" என்றாள். நான் அங்கே நிற்கிறேன். தொலைத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வரும்வரை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

மாமனார் நலம். நான் பரவாயில்லை.

மார்ச் 14, வியாழன்

வக்கீல் கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதி நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாராம். சொந்த விருப்பத்தின் பேரில்தான் பிரிகிறீர்களா? ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. "உங்க ரெண்டு பேரு கேஸ்ல எனக்கு வேலையே இல்லைம்மா" என்று சிரித்தார்.

போனை வைத்த பிறகு அந்த ஆமாமைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தையல் மெஷினிடம். குரல் நன்றாகத்தான் வந்தது.

மார்ச் 18, திங்கள்

மூன்றாவது முறை. இந்தத் தடவை 8080. அவர் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார், என்னுடையது வாசலில் விழுந்து கிடக்கிறது. 8090 காலி.

டாக்டரம்மா சர்வர் அறைக்கே வந்துவிட்டார். கையோடு அவரையும் மாடியிலிருந்து இழுத்துக்கொண்டு. ஒரே மேஜை, இரண்டு நாற்காலி. "உக்காருங்க. இது சரியாகிற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திருக்கக் கூடாது. இன்னொரு குழந்தைக்கு ரெண்டாவது ஊசி போட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மாதமாயிற்று. அவர் சட்டைக் கையில் ஒரு பொத்தான் இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நான் எங்க போனாலும் ஏன் அங்கயே வர்றீங்க?"

"நான் வர்றேனா?" உண்மையாகவே திகைத்துப்போனார். "நான் உனக்கு வழிதானே விட்டேன்."

பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் திங்கள் டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கியதுமே, 8080 அவளுடைய எண், தான் போய் உட்கார்ந்தது தப்பு என்று நினைத்து, தன் கோப்பில் 8090 என்று எழுதிவிட்டார். ரீஸ்டார்ட் ஆனால்தான் அது நடப்புக்கு வரும். உடனே செய்தால் வார்டுகளுக்கு முடிவு போவது நின்றுவிடும், ஞாயிறு தானாக நடக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அதே காலையில் நான் அவருக்காக 8080ஐ விட்டு 8090க்குப் போய்விட்டேன். ஞாயிறு இரண்டும் 8090இல் மோதின. அடுத்த திங்கள், ஓ, அவளுக்கு 8090தான் பிடித்திருக்கிறது போல என்று நினைத்து, கோப்பில் மறுபடி 8080 என்று எழுதினார். அதே காலையில் நான் 8080க்குத் திரும்பியிருந்தேன்.

"அறுபதாயிரத்துச் சொச்சம் எண் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பேரும் ஏன் அதே 8090க்குப் போனீங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர்தான் சொன்னார். "அது எங்களோடது. கல்யாணமான புதுசுல பேசி வச்சது. எப்பவாவது இடம் இல்லாமப் போச்சுன்னா 8090 காலியா இருக்கட்டும்னு."

போர்ட் எண்களை நாங்கள் எங்கேயும் எழுதிவைத்ததே இல்லை. சாப்பிடும்போது சொல்லிக்கொள்வோம். நான் இதை எடுத்துக்கறேன், நீ அதை எடுத்துக்கோ. சேர்ந்து சாப்பிடுவது நின்ற பிறகு யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆக, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டு விட்டே என் லேபை நாசம் பண்ணியிருக்கீங்க. இப்பச் சொல்லுங்க. யாருக்கு எது வேணும்? வாயைத் திறந்து."

"அவளுக்கு எதுன்னாலும்…"

"உங்களுக்கு எதுன்னு கேட்டேன்."

நான் சொன்னேன். "8080 எனக்கு வேணும். எல்லா கவுன்டர்லயும் அதுதான் இருக்கு. இன்னொரு தடவை நடக்க என் முதுகுக்குத் தெம்பில்லை."

"சரி" என்றார் அவர். "எனக்கும் 8080தான் வேணும்" என்றார். "ஆனா 8090ஐ எடுத்துக்கறேன்."

இரண்டும் எழுந்தன. வேலை முடிந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த 'எனக்கும் வேணும்' காதிலேயே இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேனா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

பிரியலாம் என்று முதலில் சொன்னது யார்?

நான் இல்லை. "நீங்க சந்தோஷமா இல்லாத மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னேன். அவர், "உனக்குத் தனியா இருந்தா நிம்மதின்னு தோணுதா?" என்றார். நான், "உங்களுக்கு அதுதான் சரின்னா எனக்கும் சரி" என்றேன். அவர், "உனக்கு சரின்னா சரி" என்றார். மறுநாள் நான் பெட்டியை எடுத்துவைத்தேன். அவர் தூக்கிக்கொண்டு வந்து டாக்சியில் ஏற்றினார். எவ்வளவு உதவி.

இதில் யார் கேட்டது? அந்த உரையாடலை லாக் படிப்பது போல மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படிக்கிறேன். பிரியணும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சம்மதித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மார்ச் 20, புதன்

இதெல்லாம் என் கற்பனையாகவும் இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே நான் வேண்டாமாக இருக்கலாம். ஒரு போர்ட் எண்ணை வைத்துக் கல்யாணத்தை ஜோசியம் பார்க்கிற அளவுக்கு எனக்கு மூளை குழம்பிவிட்டது.

மார்ச் 24, ஞாயிறு

காலை ரீஸ்டார்ட். இரண்டும் எழுந்தன. அவர் 8090, நான் 8080.

அக்காவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "அப்ப போய் அவர்கிட்டக் கேளு."

"கேட்டா, உனக்கு எப்படியோ அப்படிம்பார்."

"அப்ப கேக்காத. உனக்கு என்ன வேணுமோ அதை நீ முதல்ல சொல்லு."

"அவருக்கு வேற மாதிரி இருந்தா? என் கட்டாயத்துக்குத் தலையாட்டிட்டு வந்துட்டா?"

"அவரு என்ன பச்சைக் குழந்தையா? நீ பாட்டுக்கு அவரு மனசுக்குள்ள போயி அவருக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்டிருக்க. கொழுப்புடி உனக்கு."

கோபம் வந்தது. வெங்காயத்தை வாங்கி நானே நறுக்கினேன்.

மார்ச் 27, புதன்

நாளை. அவர் மாடியில்தான் இருந்தார். மூன்று தடவை போனை எடுத்தேன். பயம். அவர் ஆமாம், எனக்குப் பிரியத்தான் வேணும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன்? கேட்காமல் இருந்தால் அந்தப் பதிலும் வராது.

மார்ச் 28, வியாழன்

உள்ளபடி எழுதுகிறேன்.

சின்ன அறை. நீல நிற நாற்காலிகள். நீதிபதிக்கு ஜலதோஷம், கையில் கைக்குட்டை. வக்கீல் எங்கள் இருவருக்கும் நடுவில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்த முகத்தோடு. நீதிபதி காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேக்கறேன். இது உங்க சொந்த விருப்பம்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். லிஃப்ட் கதவு மூடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு விருப்பமில்லைங்க" என்றேன்.

வக்கீலின் முகம் விழுந்தது. நீதிபதி கைக்குட்டையை இறக்கினார். நான் பக்கத்தில் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த பூவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இவருக்கு வேணும்னா வேற. அவர் வாயால சொல்லட்டும். எனக்காகச் சொல்ல வேண்டாம்."

பூவின் இதழ்களை எண்ணினேன், ஆறு.

"எனக்கும் வேண்டாம்" என்றார் அவர். "எப்பவுமே வேண்டாம். இவளுக்கு வேணும்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குய்யா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் நீதிபதி. வெளியே வந்ததும் வக்கீல் கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வாசலில் நின்றோம். இப்போது என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "பசிக்குது" என்றார் அவர். உனக்குப் பசிக்குதா என்று கேட்கவில்லை. பசிக்குது என்றார்! எதிரே இருந்த கடையில் ஆளுக்கொரு கிண்ணம் சூப் வாங்கி உட்கார்ந்தோம். சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று, தூக்கமெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா வருது. ஜன்னலை மூடிட்டுப் படுத்துக்கறேன். லாரி சத்தமும் இல்ல, குளிரும் இல்ல."

"உங்களுக்குக் காத்து வேணுமே?"

"எனக்கா? உனக்குல்ல காத்து வேணும்?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருடம். அந்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அவருக்கு விடாமல் இருந்த இருமல், எனக்கு வருடாவருடம் வந்த சளி, மருந்துக்கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே எடுத்துவைக்கிற அந்தச் சிவப்புப் பாட்டில். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டையைத் தேடினார், இல்லை. மேஜை துடைக்கிற காகிதத்தைக் கொடுத்தார்.

மார்ச் 29, வெள்ளி

அக்கா வீடு. இன்னும் இங்கேதான். அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர், எனக்கு அவசரம்தான், ஆனா காத்திருக்கேன் என்றார். புதுப் பழக்கம். அவருக்கு நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 1, திங்கள்

இரண்டும் எழுந்தன. மாமனாரின் தலைக்கு மேல் சுவரில் பெரிய எழுத்தில் எண்களை எழுதி ஒட்டியிருக்கிறார் டாக்டரம்மா. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: மாற்றுவதற்கு முன் வாயைத் திறக்கவும்.

ஏழாம் வார்டுப் பெண் வீட்டுக்குப் போய்விட்டதாம். சிஸ்டர் சொன்னாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்கா என் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்துவைத்திருக்கிறாள். "நான் கேக்கவே இல்லையே" என்றேன். "எனக்கு என் தையல் ரூம் வேணும்" என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மழை. காலை ரீஸ்டார்ட் ஆகி இரண்டும் எழுந்ததைப் படுக்கையிலிருந்தே போனில் பார்த்தோம். "என்னோடது முதல்ல" என்றார். அதில் ஒரு பெருமை.

அதற்குப் பிறகு சண்டை. படுக்கையறைச் சுவருக்கு அவருக்குப் பச்சை வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பார்க்கிற பச்சை போதாதா என்றேன். அது வேற பச்சை என்றார். எல்லாப் பச்சையும் பச்சைதான் என்றேன். ஒன்பது வருடமாக இந்த மஞ்சளைச் சகித்துக்கொண்டிருக்கிறாராம். மஞ்சளை நானா கேட்டேன்? வெள்ளைதான் எனக்குப் பிடிக்கும் என்றேன். அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன என்று கத்தினார். நீங்க கேட்டீங்களா என்று நானும் கத்தினேன். டீ ஆறிப்போயிற்று. மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை. இன்னும் முடிவாகவில்லை.

நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எங்கள் குரலையே அவர் கேட்டதில்லை, பாவம், பயந்துவிட்டார். உள்ளே எல்லாம் சரிதானே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சரிதான் என்று சொல்லி அனுப்பினோம். அவருக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது.